ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் 'லேடி' ஆகிவிட முடியுமா?

கேள்வி: எடின்பரோவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். இந்தியக் குடியுரிமைதான். திருமண நாள் பரிசாக என் கணவர் இணையம் வழியே ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் ஒரு சதுர அடி நிலம் வாங்கித் தந்தார். என் பெயருக்கு முன்னால் 'லேடி' என்று அச்சிட்ட சான்றிதழும் வந்தது. டன்ராபின் கோட்டையைப் பார்க்கப் போனபோது, அங்கே ஒரு பெண், கணவர் வழியாக இல்லாமல் தன் சொந்த உரிமையிலேயே கவுண்டஸாக ('ஏர்ல்' என்ற பிரபுப் பட்டத்தின் பெண்பால்) இருந்தார் என்றார்கள். அப்படியானால் என் பட்டமும் எனக்குப் பிறகு என் மகளுக்குப் போகுமா? பாஸ்போர்ட்டில் சேர்க்கலாமா? வெளிநாட்டுப் பட்டம் வாங்கினால் குடியுரிமைக்கே ஆபத்து என்று அண்ணன் பயமுறுத்துகிறார். இதற்கிடையே வேறொரு நிறுவனம், பெருந்தொகை கட்டினால் 'உண்மையான பாரன் பட்டமே' வாங்கித் தருவதாக எழுதியிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: முதலில், அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம்.

உங்களிடம் இருக்கும் சான்றிதழால் பட்டமும் வரவில்லை, நிலமும் வரவில்லை. ஸ்காட்லாந்தில் நிலப் பதிவேட்டில் ஏறினால்தான் நிலம் உங்களுடையது. கையளவு இடத்தை வெறும் நினைவுக்காகவும் ஆசைக்காகவும் விற்பதை அந்நாட்டுச் சட்டம் தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறது. அத்தகைய மனைக்கான விண்ணப்பத்தைப் பதிவாளர் நிராகரித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டு நிலப் பதிவுச் சட்டம். ஆக, விற்றவருக்கும் உங்களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கலாம்; நிலத்தின் மீது உரிமை இல்லை. 'லேடி'க்கு ஆண்பாலாக இத்தகைய விற்பனையாளர்கள் சொல்லும் 'லேர்டு' என்பதுகூடப் பண்ணை நிலம் வைத்திருப்பவரை ஊரார் அழைக்கும் பெயர்தான். நீங்கள் உங்களை 'லேடி' என்று அழைத்துக்கொள்வது, யாரையும் ஏமாற்றாத வரை, குற்றமல்ல. அதற்குச் சான்றிதழே தேவையில்லை!

டன்ராபினில் நீங்கள் கேள்விப்பட்டது வேறு உலகம். அது சதர்லாந்து பிரபுக் குடும்பத்தின் கோட்டை. அந்தக் குடும்பத்தில் சொந்த உரிமையில் கவுண்டஸாக இருந்த பெண்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள். 1766இல் சதர்லாந்தின் 18ஆம் ஏர்லும் அவர் மனைவியும் பாத் நகரில் காய்ச்சலில் அடுத்தடுத்து இறந்தபோது, எலிசபெத் என்ற மகளுக்கு வயது ஒன்று. உடனே பங்காளிகள் கிளம்பிவிட்டார்கள். கார்டன்ஸ்டன் சர் ராபர்ட் கார்டனும் ஃபோர்ஸைச் சேர்ந்த ஜார்ஜ் சதர்லாந்தும், இந்தப் பட்டம் ஆண் வழியில் மட்டுமே இறங்கும் என்று தனித்தனியே உரிமை கோரினர். குழந்தையின் காப்பாளர்களில் ஒருவரான ஹெயில்ஸ் பிரபு நீதிபதி, வரலாற்றறிஞரும்கூட. பழைய ஆவணங்களைத் துருவி அவர் எழுதிய வாதத்தை இன்றும் சட்டக்காரர்கள் வியந்து பேசுவார்கள். 1514இலேயே தன் சகோதரனுக்குப் பிறகு இன்னோர் எலிசபெத் கவுண்டஸ் ஆகியிருந்தது பெரிய ஆதாரம். 1771இல் பிரபுக்கள் சபை குழந்தையின் பக்கமே தீர்ப்பளித்தது.

அந்தக் குழந்தை பிற்காலத்தில் என்ன செய்தார் என்பதையும் சொல்லாமல் போக மனமில்லை. அவரும் அவர் கணவரும் நடத்திய பண்ணைச் 'சீர்திருத்தத்தில்' ஆயிரக்கணக்கான குடியானவர்கள், ஆடு மேய்ச்சலுக்கு இடம்விட்டு, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தன் உரிமைக்குப் பழைய ஏடுகளைக் காட்டி வென்றவர் அவர். அந்தக் குடியானவர்களுக்குக் காட்ட ஏடு எதுவும் இல்லை.

அவருடைய கணவருக்கு 1833இல் டியூக் பட்டம் கிடைத்தது. இங்கேதான் உங்கள் கேள்விக்கான சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பட்டத்துக்கும் அது உருவானபோதே வாரிசு வழி வகுக்கப்பட்டுவிடுகிறது. ஏர்ல் பட்டம் பெண்ணுக்கும் இறங்கும். புதிய டியூக் பட்டமோ ஆண் வாரிசுக்கு மட்டும். 1839இல் அந்தக் கவுண்டஸ் இறந்த பிறகு 120 ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததால் வேறுபாடு யாருக்கும் உறைக்கவில்லை. 1963இல் ஐந்தாம் டியூக் பிள்ளையின்றி இறந்ததும் இரண்டும் பிரிந்தன. டியூக் பட்டம் தூரத்துப் பங்காளியான எல்லஸ்மியர் ஏர்லுக்குப் போனது. ஏர்ல் பட்டமும் டன்ராபினும் டியூக்கின் தம்பி மகள் எலிசபெத்துக்கு வந்தன. போர்க்காலத்தில் பண்ணை வேலையும், பிறகு மருத்துவமனை ஆய்வக வேலையும் பார்த்தவர் அவர். ஸ்காட்லாந்துப் பட்டம் தாங்கிய பெண்கள் பிரபுக்கள் சபையில் அமரலாம் என்ற சட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. இந்த எலிசபெத் 2019இல், 98 வயதில் காலமானார்.

ஸ்காட்லாந்தின் இன்னொரு பிரபுக் குடும்பமான எரால் குடும்பத்தின் கதையும் இதேதான். 1941இல் 22ஆம் ஏர்ல் கென்யாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எரால் பட்டம் 15 வயது மகள் டயானாவுக்கு. கில்மார்னக் பாரன் பட்டம் அவருடைய சித்தப்பாவுக்கு. 1964ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் நிலத்தில் மூத்த ஆணுக்கிருந்த முன்னுரிமையை ஒழித்தது. பட்டங்களை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது. எனவே பெண்ணுக்குப் பட்டம் இறங்குமா என்பதற்குப் பொதுவான பதில் இன்றும் கிடையாது. அந்தந்தப் பட்டத்தின் மூல ஆவணத்தைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் மூல ஆவணம் ஒரு கடைக்காரரின் அச்சுத்தாள். மகளுக்கு அந்தத் தாளைக் கொடுக்கலாம். பட்டத்தைக் கொடுக்க முடியாது.

அண்ணனின் பயம் வீண். அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு, இந்தியக் குடிமக்கள் அயல்நாட்டு அரசிடமிருந்து பட்டம் ஏற்கக் கூடாது என்கிறது. உங்களுக்குச் சான்றிதழ் அனுப்பியது அரசல்ல. அதற்காகக் குடியுரிமை போய்விடாது. ஆனால் பாஸ்போர்ட்டில் அந்தச் சொல்லைச் சேர்க்க முயல வேண்டாம். விசாவிலும் வங்கிக் கணக்கிலும் பணிப் பதிவிலும் பெயர் ஒத்துப்போகாவிட்டால் அலையப் போவது நீங்கள்தான்.

இனி அந்த 'உண்மையான பாரன் பட்டம்'. இது முழுப் பொய் அல்ல என்பதால்தான் ஆபத்து. ஸ்காட்லாந்தில் பழைய நிலவுடைமையைச் சார்ந்த பாரன் பட்டம் என்று ஒன்று உண்டு. 2004 நவம்பர் 28 முதல் அது நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டு, தனிச் சொத்தாகக் கைமாறுகிறது, விற்கலாம், வாங்கலாம். ஆனால் அதை வாங்கியவர் பிரபு ஆகிவிட மாட்டார். பிரபுப் பட்டம் விற்பனைக்கே இல்லை. அரசின் கௌரவத்தை வாங்கித் தருவதாகப் பணம் பெறுவது 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தவிர, அந்தப் பாரன் பட்டங்களை இப்போது அரசின் நிலப் பதிவேட்டில் ஏற்ற முடியாது. நம் ஊரில் போல வில்லங்கச் சான்று எடுத்துச் சரிபார்க்க வழியில்லை. விற்பவரிடம் உண்மையில் பட்டம் இருக்கிறதா என்பதைப் பழைய பத்திரங்களின் தொடர்ச்சியைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

அவ்வளவு ஆசை இருந்தால், பட்டத்தின் பெயரையும் மூலப் பத்திரங்களின் நகல்களையும் எழுத்தில் கேளுங்கள். இந்தத் துறையில் பழக்கமுள்ள ஸ்காட்லாந்து சொலிசிட்டர் ஒருவரிடம், விற்பவர் சிபாரிசு செய்பவரை விட்டுவிட்டு நீங்களே தேடியவரிடம், அவற்றைக் காட்டுங்கள். நகல் தர மறுத்தாலோ, 'இந்த வாரத்துக்குள் முன்பணம்' என்றாலோ பதில் எழுதாமல் விட்டுவிடுங்கள். கணவர் தந்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.