கமராப் பஞ்சாங்கம்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் வடமராட்சியில் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். ஒளிப்படம் எடுப்பது எனது பொழுதுபோக்கு. நிக்கோன் டி7200 கமராவையும் 70–300 மி.மீ. லென்ஸையும் தூக்கிக்கொண்டு தொண்டைமானாறு, மண்டைதீவு, சுண்டிக்குளம் என்று பறவைகளைத் தேடி அலைகிறேன். தூரத்துப் பறவைக்கு 300 மி.மீ. போதாது என்பது விளங்கி, 2021 முதல் பணம் சேர்த்து வருகிறேன். ஆனால் வாங்கப் புறப்படும் ஒவ்வொரு தடவையும் புதிய பொடி (லென்ஸ் நீங்கலான கமரா உடல்) வரப்போகிறது, புதிய லென்ஸ் வரப்போகிறது என்று ஓர் ஊகம் கிளம்பிவிடுகிறது. பறவைப் படம் எடுப்பவர்கள் விரும்பிய நிக்கோன் டி500 இன் இடத்தை நிரப்பும் மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கமரா அடுத்த ஆண்டு வரும் என்று எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காப்புரிமை, மொடல் இலக்கம் என்று தேடி வாசிப்பதில் படம் எடுப்பதைவிட அதிக நேரம் போகிறது; மனைவி பார்த்துச் சிரிக்கிறார். உங்களுக்கும் இந்த ஆர்வம் உண்டென்று முன்பு எழுதியிருந்தீர்கள். இவற்றில் எதை நம்பலாம்? நான் காத்திருக்கவா, வாங்கிவிடவா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், வடமராட்சி

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டுச் சுவரில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் ஒரே ஆணியில் தொங்கிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. சித்திரை வருடம் பிறக்கும் நேரத்தை இரண்டும் வேறு வேறாகச் சொல்லும். அம்மா ஒன்றின்படி மருத்துநீர் வைப்பார், அப்பா மற்றதன்படி கைவிசேடம் தருவார், நாங்கள் ஒன்றுக்குத் தலையையும் மற்றதற்குக் கையையும் நீட்டுவோம். கமரா ஊகங்களையும் நான் அந்த மனத்துடன்தான் வாசிக்கிறேன், அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. 2009 முதல் ஒரு கொப்பியில் திகதியிட்டு என் ஊகங்களை எழுதிவருகிறேன். பலித்ததைப் பச்சை மையிலும் பொய்த்ததைச் சிவப்பு மையிலும் குறிப்பது வழக்கம். சிவப்புப் பேனைதான் முதலில் தீர்ந்தது.

அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தில் இருப்பது டி400. உங்களுக்கு டி500 இன் வாரிசு எப்படியோ, அப்படித்தான் எனக்கு அந்த டி400. நிக்கோன் டி300 2007 இல் வந்தது, டி300எஸ் 2009 இல் வந்தது, ஆகவே டி400 2011 இல் வந்தே தீர வேண்டும் என்று என்னைப் போன்றவர்கள் கணக்குப் போட்டோம். 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன, நிக்கோனின் செண்டாய் தொழிற்சாலை சேதமடைந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயாவில் இருந்த தொழிற்சாலை வெள்ளத்தில் மூழ்கியது. அப்போதாவது நாங்கள் கணக்கை அழித்திருக்க வேண்டும். மாறாக, ஒரு வருடம் தள்ளிப் போகும் என்று திருத்தி எழுதிக்கொண்டோம். டி400 என்ற பெயரில் எந்தக் கமராவும் ஒருபோதும் வரவில்லை. 2016 ஜனவரியில் டி500 வந்தபோது முந்தையதற்கும் அதற்கும் இடையில் ஆறரை ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்தக் கதையில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. புதியது அறிவிக்கப்பட்டால் பழையதன் விலை விழுந்துவிடும் என்று எண்ணி, 2014 இல் என் டி90 ஐ முன்கூட்டியே விற்றுவிட்டேன். அந்த ஒக்டோபரில்தான் 24 ஆண்டுகளுக்குப் பிறகு யாழ்தேவி யாழ்ப்பாண நிலையத்துக்கு மீண்டும் வந்தது. ஊரே தண்டவாளக் கரையில் நின்றது. நான் மருமகனின் கைத்தொலைபேசியை இரவல் வாங்கிக்கொண்டு நின்றேன். நிறுவனம் எதையும் அறிவித்திருக்கவில்லை, யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவும் இல்லை. ஒரு கமராவை நானே பெயர் சூட்டி, பிறந்த நாளும் குறித்து, அதற்காக வீட்டில் இருந்ததை விற்றிருந்தேன்.

எதை நம்பலாம் என்று கேட்கிறீர்கள். காப்புரிமை விண்ணப்பங்களை வாசிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆனால் வரவை அறிய மிகவும் பயனற்ற பகுதியும் அதுவே. ஜப்பானில் ஒரு விண்ணப்பம் தாக்கல் செய்யப்பட்டு 18 மாதங்களுக்குப் பின்னரே பொதுவில் வெளியிடப்படுகிறது. அதாவது நீங்கள் இன்று வாசிப்பது, ஒரு பொறியியலாளர் ஒன்றரை ஆண்டுக்கு முன்பு எண்ணியது. ஒரே விண்ணப்பத்தில் பல மாதிரி வடிவமைப்புகள் இருக்கும். அவற்றில் ஒன்றும் தொழிற்சாலைக்குப் போகாமல் இருப்பதே வழக்கம், போட்டியாளர் அந்த வழியில் வராமல் வேலி அடைப்பதற்காகத் தாக்கல் செய்யப்படுவனவும் உண்டு. இருந்தாலும் கணித ஆசிரியரான நீங்கள் அந்த அட்டவணைகளை அனுபவித்து வாசிக்கலாம். பட உயரம் (படத்தின் நடுவிலிருந்து மூலை வரை) 21.64 மி.மீ. என்றிருந்தால் அது முழுச் சட்டகச் சென்சருக்கானது (சென்சர் என்பது ஒளியைப் பதியும் சில்லு), ஏனெனில் 36க்கு 24 மி.மீ. செவ்வகத்தின் மூலைவிட்டத்தில் பாதி ஏறத்தாழ அதுதான். கடைசிக் கண்ணாடிக்கும் சென்சருக்கும் இடையில் 12 மி.மீ. அளவு இடைவெளிதான் என்றால் நடுவே ஆடி எழுந்து விழ இடமில்லை, ஆகவே அது மிரர்லெஸ் கமராவுக்கான லென்ஸ். பெயரே சொல்லாத ஒரு பொருளை இரண்டு எண்களை வைத்து அடையாளம் காண்பது எவ்வளவு இனிப்பான வேலை! அது கடைக்கு வருமா என்பது வேறு கேள்வி.

இனி வரப்போகும் லென்ஸ்களைக் காட்டி நிறுவனங்கள் தாமே வெளியிடும் லென்ஸ் வரைபடம் இதைவிட உறுதியானது, ஆனால் அதிலும் பொருளை நம்பலாம், நாளை நம்பக்கூடாது. நிக்கோனின் மிரர்லெஸ் வரிசையான இசட்டின் வரைபடத்தில் 200–600 மி.மீ. லென்ஸ் ஒன்று 2019 இலேயே இடம்பெற்றது. அது கடைசியில் 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டபோது 180–600 ஆக மாறியிருந்தது. பூஜிபிலிம் 2018 இல் 33 மி.மீ. எஃப் 1.0 (மிக அகன்ற துவாரமுள்ள) லென்ஸ் ஒன்று வரும் என்று அறிவித்தது. மிகவும் பெரிதாகவும் கனமாகவும் வருகிறது என்று அதைக் கைவிட்டு, 2020 இல் 50 மி.மீ. எஃப் 1.0 ஐக் கொண்டுவந்தது. இவற்றையெல்லாம் விஞ்சியது நிக்கோனின் டிஎல் வரிசை: மூன்று சிறிய கமராக்களை 2016 பெப்ரவரியில் பெயரோடும் விலையோடும் அறிவித்தார்கள், 2017 பெப்ரவரியில் விற்பனைக்கு விடாமலே நிறுத்திவிட்டார்கள். அறிவிக்கப்பட்டதே வராமல் போகும் உலகில், அறிவிக்கப்படாததற்காக நீங்கள் பணத்தைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

மொடல் இலக்கங்கள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கம்பியில்லாத் தொடர்பு உள்ள எந்தக் கமராவையும் நாடுகளின் வானொலி அலைவரிசை அதிகார சபைகளில் பதிய வேண்டியிருப்பதால், பதிவு தென்பட்டால் பொருள் உண்மையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அது என்ன பொருள் என்பது தெரியாது. ஒலிம்பிக் ஆண்டில் பெரிய கமராக்கள் வரும் என்ற கணக்கும் ஒரு காலத்தில் நன்றாகவே பலித்தது. நிக்கோன் டி5 உம் கனன் 1டிஎக்ஸ் மார்க் 2 உம் 2016 இன் தொடக்கத்தில், ரியோ ஒலிம்பிக்குக்கு முன்பு வந்தன. அவற்றின் வாரிசுகள் 2020 இன் தொடக்கத்தில் வந்து காத்திருந்தன, போட்டிதான் ஒரு வருடம் பிந்தியது. பாரிஸ் ஒலிம்பிக் நடந்த 2024 ஜூலையில் கனன் ஆர்1 அறிவிக்கப்பட்டது, நிக்கோனோ 2021 இல் வந்த இசட்9 ஐ மென்பொருளால் புதுப்பித்துக்கொண்டே போட்டிக்குப் போய்விட்டது. ஆக அந்தப் பஞ்சாங்கமும் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது.

பொடியைவிட லென்ஸை ஊகிப்பது எளிது என்பது என் அனுபவம். லென்ஸ் வரிசை ஒன்றைத் தாளில் எழுதினால் எங்கே பல் விழுந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த ஓட்டையை இன்றைக்கோ நாளைக்கோ யாராவது அடைக்கத்தான் வேண்டும். கனன் ஆர்எஃப் மவுண்டுக்கு (மவுண்ட் என்பது கமராவில் லென்ஸைப் பொருத்தும் வாய்) சிக்மாவும் டாம்ரொனும் தானியங்கிக் குவிய லென்ஸ்கள் செய்ய வேண்டும் என்பது மவுண்ட் வந்த 2018 முதல் எல்லோரும் சொன்னது. 2024 ஏப்ரலில் இரு நிறுவனங்களும் அறிவித்தன, அதுவும் சிறிய சென்சருக்கு மட்டும். பொடியின் கதை வேறு. அது சென்சர் செய்பவரின் கையிலும் சந்தையின் மனநிலையிலும் தங்கியிருக்கிறது; சரியாக ஊகித்தாலும் அதனுடன் என்ன குறை வரும் என்பதை ஊகம் சொல்வதில்லை. சென்சர் முழுவதையும் ஒரே கணத்தில் வாசிக்கும் குளோபல் ஷட்டர் வரும் என்று வருடக்கணக்கில் சொன்னார்கள், 2023 நவம்பரில் சோனி ஏ9 மார்க் 3 இல் வந்தது. அதன் அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது மிகக் குறைந்த ஒளியுணர்வு அளவு, 250 இல்தான் தொடங்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்தக் கண்ணோடு உங்கள் டி500 வாரிசைப் பாருங்கள். நிக்கோன் இசட்8 2023 மேயில் வந்தது. அதன் 45.7 மெகாபிக்சல் சென்சரில் டி500 இன் சிறிய சென்சர் அளவான நடுப்பகுதியை மட்டும் பாவித்தால் ஏறக்குறைய 19 மெகாபிக்சல் கிடைக்கிறது. டி500 தந்தது 20.9. பறவைப் படம் எடுப்பவர் கேட்பதை ஒரு பெரிய கமரா ஏற்கெனவே ஏறத்தாழக் கொடுத்துவிட்ட பிறகு, அதே வேலைக்குச் சிறிய கமரா ஒன்றைச் செய்து தன் விலையுயர்ந்த பொருளுக்குத் தானே போட்டி வைக்க ஒரு நிறுவனம் அவசரப்படாது. வரவே வராது என்று நான் சொல்லவில்லை, உங்கள் சேமிப்பை அதற்காகப் பூட்டி வைக்காதீர்கள் என்கிறேன்.

நம் ஊரில் காத்திருப்பதற்கு வேறொரு விலையும் உண்டு. யொக்கோஹாமாவில் உள்ளவர் ஒரு வருடம் காத்திருந்தால் அவருடைய யென் பெரும்பாலும் யென்னாகவே இருக்கும். நீங்கள் 2021 இல் சேர்க்கத் தொடங்கியபோது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டு மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது, பிறகு 300 அளவில் வந்து நின்றது. 180–600 லென்ஸின் அறிமுக விலை 1,700 டொலர். 200 ரூபாக் கணக்கில் அது 3 இலட்சத்து 40 ஆயிரம், 300 ரூபாக் கணக்கில் 5 இலட்சத்து 10 ஆயிரம், வற் வரி வேறு. அந்த வரியும் 2024 ஜனவரியில் 15 வீதத்திலிருந்து 18 ஆகியது. இந்தக் கணக்கை எந்தக் கமரா ஊகமும் நமக்காகப் போட்டுத் தருவதில்லை. அத்துடன், ரோக்கியோவில் அறிவிக்கப்படும் நாள் நமக்கு வெளியீட்டு நாளும் அல்ல. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பயணப்பொதியைத் திறக்கும் நாள்தான் யாழ்ப்பாணத்தில் கமரா வெளியாகும் நாள்.

ஆகவே ஊகங்களை நான் இப்போது தலைகீழாக வாசிக்கிறேன். புதியது எது வரும் என்பதைவிட, அது வரும்போது மற்றவர்கள் எதை விற்பார்கள் என்பதே எனக்கு வேண்டிய செய்தி. உங்களுக்கான லென்ஸ் 2015 இல் வந்த நிக்கோன் 200–500 மி.மீ. எஃப் 5.6. 180–600 வந்தபின் மிரர்லெஸுக்கு மாறியவர்கள் அதை விற்றுவருகிறார்கள்; பாவித்த நிலையில் கொழும்பில் தேடுங்கள், இல்லாவிட்டால் வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி வையுங்கள். உங்கள் டி7200 இல் அது எந்தக் குறையுமின்றி வேலை செய்யும். 300 இலிருந்து 500க்குப் போகும்போது படத்தில் பறவையின் பரப்பளவு ஏறத்தாழ 2.8 மடங்காகும், எப்படி என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2.3 கிலோ எடை என்பதால் மோட்டார் சைக்கிளில் சுண்டிக்குளம் வரை போக நல்ல முதுகுப்பை வேண்டும். நாளை நீங்கள் மிரர்லெஸுக்கு மாறினாலும் அது வீணாகாது. உங்கள் கமராவின் பழைய எஃப் மவுண்டிலிருந்து சென்சருக்குள்ள தூரம் 46.5 மி.மீ., இசட் மவுண்டுக்கு 16 மி.மீ.; மிச்சமுள்ள 30.5 மி.மீ. இடைவெளியை எஃப்டிஇசட் என்ற இணைப்பு வளையம் நிரப்பிவிடும், தானியங்கிக் குவியமும் இயங்கும்.

பாவித்த லென்ஸை நேரில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பின்பக்கத்தால் ரோர்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சி முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் அது பூஞ்சணம், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். சூம் வளையத்தைச் சுற்றும்போது கரகரத்தால் உள்ளே மணல் போயிருக்கிறது. கடற்கரையில் பாவித்த லென்ஸாக இருந்தால் மவுண்டின் திருகாணிகளில் உப்புக் கறள் பிடித்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

காப்புரிமைகளைத் தொடர்ந்து வாசியுங்கள். மனைவி சிரிப்பது பற்றி என்னிடம் யோசனை இல்லை, எங்கள் வீட்டில் அது 2009 இல் தொடங்கியது. என் ஊகத்தையும் கேட்டால் மறைக்கமாட்டேன். டி500 இன் வாரிசு வந்தால், 2024 ஜூனில் வந்த இசட்6 மார்க் 3 இல் உள்ளது போன்ற, பகுதியளவு அடுக்கிய (வேகமாக வாசிக்கும் மின்சுற்றை ஓரளவு மட்டும் சேர்த்த) சென்சரின் சிறிய வடிவம்தான் அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். முழுதாக அடுக்கிய சென்சரின் செலவைச் சிறிய கமராவின் விலை தாங்காது என்பது என் காரணம். திகதியிட்டுக் கொப்பியில் எழுதிவிட்டேன். எந்த மையில் குறித்தேன் என்பதை அது வந்தபின் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து