சாவி சென்னையில் இருந்தது

அன்புள்ள அண்ணனுக்கு,

கோட்டையூரில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். கை முறுக்கு, சீப்புச்சீடை, மனகோலம். கல்யாண ஆர்டரும் தீபாவளியும்தான் வருமானம். 2022-இல் தம்பி சொல்லி மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் போடும் தவணை) ஆரம்பித்தேன். பெரும்பாலும் ஸ்மால் கேப், அதாவது சின்னக் கம்பெனிப் பங்குகள். நன்றாக ஏறுகிறதே என்று போன ஆகஸ்டில் கையிலிருந்த 3 லட்சத்தையும் மொத்தமாகப் போட்டுவிட்டேன். மகளை ஜூனில் காலேஜில் சேர்க்க வைத்திருந்த பணம் அது. இன்று 2,31,000 என்று காட்டுகிறது.

எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டே நாளெல்லாம் போனைப் பார்க்கிறேன். முந்தாநாள் ஒரு ஈடு முறுக்கு கருகிவிட்டது. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் எடுத்துவிடு என்கிறார். தம்பியோ, "நம்ம ஐயாக்கள் பர்மாவில் பொறுத்திருந்துதான் இந்த வீடெல்லாம் கட்டினார்கள், இப்போதுதான் இன்னும் போடணும்" என்கிறான். எஸ்.ஐ.பி.யை மட்டும் போன மாதம் நிறுத்தினேன். பங்குச்சந்தையில் நீங்களும் அடிபட்டவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்யட்டும்?

(பெயர் போட வேண்டாம்)
கோட்டையூர், மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

முறுக்கு கருகிய இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். உங்கள் ஃபண்டின் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் விலை, ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் மாறும், அதுவும் ராத்திரியில். காலை பத்து மணிக்குச் சட்டி முன்னால் நின்று நீங்கள் பார்த்தது முந்தின நாள் கணக்கு. பன்னிரண்டு மணிக்குப் பார்த்ததும் அதேதான். நேற்றைய எண்ணுக்காக இன்றைய முறுக்கைக் கருக்கியிருக்கிறீர்கள்.

சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது என்பது வேறு விஷயம். 2008-இல் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த புரோக்கர் ஆபீஸுக்குத் தினமும் போய் உட்கார்ந்தவன் நான். பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரோரம் இரண்டு கம்ப்யூட்டர் திரை. ஜனவரியில் மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டபோது உள்ளே நிற்க இடமிருக்காது, மாடிப்படியெல்லாம் ஆள். டீக்கடைப் பையன் இரண்டு நடை வந்து போவான். ஜூலை வாக்கில் ஒரு நடை போதுமென்றானது. அக்டோபரில் அவன் நாலே கிளாஸோடு வந்தான், அதில் ஒன்று எனக்கு. 27-ஆம் தேதி சென்செக்ஸ் இடையில் 7,700-க்கும் கீழே போனது. தீபாவளி நேரம். அந்த வாரம்தான் விற்றேன். அதையாவது ஒழுங்காகச் செய்தேனா? லாபத்தில் இருந்த இரண்டு நல்ல பங்குகளை விற்றுவிட்டு, பாதிக்கும் கீழே போயிருந்த ஒரு கட்டுமானக் கம்பெனிப் பங்கை "வாங்கின விலையாவது வரட்டும்" என்று வைத்துக்கொண்டேன். இந்தப் புத்திக்கு 1985-லேயே ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரண்டு பேராசிரியர்கள் பெயர் வைத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் கம்பெனி இன்று சந்தையிலேயே இல்லை.

அதே ஆபீஸுக்குத் தேவகோட்டையிலிருந்து ஒரு பெரியவர் வருவார். அவரிடம் இருந்தவை எல்லாம் எண்பதுகளில் வாங்கிய காகிதப் பத்திரங்கள். அவற்றை டீமேட்டுக்கு, அதாவது கம்ப்யூட்டர் கணக்குக்கு, மாற்றவில்லை. பத்திரங்கள் பூர்வீக வீட்டு இரண்டாங்கட்டில் (உள்பகுதியில்) ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. அந்த வீட்டுக்குப் பதினாலு பங்காளிகள். பெட்டிச் சாவி சென்னையில் ஒரு பங்காளியிடம். அக்டோபரில் பெரியவர் பதறிப்போனார். ஆபீஸ் போனிலிருந்தே, "சாவியைக் கூரியர்லயாவது அனுப்புப்பா" என்று கத்தினார். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்றார் பங்காளி. படைப்பு தையில்தான் நடந்தது. பெட்டியைத் திறந்து விண்ணப்பம் போட்டால், கையெழுத்து மாறியிருக்கிறதென்று திரும்பி வந்தது. மறுபடி போட்டு, அட்டெஸ்டேஷன் வாங்கி எல்லாம் சரியாவதற்குள் 2009 மே வந்துவிட்டது. 18-ஆம் தேதி, தேர்தல் முடிவு வந்த பிறகான முதல் வர்த்தக நாளில், சென்செக்ஸ் ஒரே நாளில் 17 சதவீதம் ஏறியது. பெரியவர் அதற்கப்புறம் எங்களுக்கெல்லாம் பொறுமையைப் பற்றி வகுப்பு எடுக்க ஆரம்பித்தார்.

அவருக்கு என்னைவிடத் தைரியமோ அறிவோ கூட இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் பங்குக்கும் நடுவில் ஒரு சாவி இருந்தது, எனக்கு இல்லை. நம் பக்கம் இடிபடாமல் நிற்கிற வளவுகளை, அந்தப் பெரிய பூர்வீக வீடுகளைப் பாருங்கள். அதில் பாதி, விற்கலாம் என்று எல்லாப் பங்காளியும் ஒருமித்துச் சொல்லாததால் நிற்பவை. ஒத்துப்போய் விற்ற வீடுகளின் தூண்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். இறங்குகிற சந்தையில் ஒருவர் விற்கிறாரா இல்லையா என்பதை, அவர் குணத்தைவிட, விற்பது அவருக்கு எவ்வளவு சுலபம் என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இன்று அது கட்டைவிரல் தூரம்.

2020 மார்ச்சில், கொரோனாவில் சந்தை விழுந்தபோது, நாடு முழுக்க டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி, இன்று 18 கோடிக்கு மேல். ஆக, பெரும்பாலோர் அந்த வீழ்ச்சிக்கு அப்புறம் உள்ளே வந்தவர்கள். அவர்கள் பார்த்த இறக்கமெல்லாம் போன வருஷம் ஜூன் 4 மாதிரி. தேர்தல் முடிவன்று, சென்செக்ஸ் மாதிரி இன்னொரு குறியீடான நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து, அந்த வாரம் முடிவதற்குள் திரும்பிவிட்டது. இடி மாதிரி விழுந்தால் நம் ஆட்கள் பயப்படுவதில்லை, ஓடிப்போய் வாங்குகிறார்கள். இப்போதைய இறக்கம் அடைமழை. செப்டம்பரில் 26,277 வரை போன நிஃப்டி, அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை ஐந்து மாதமும் இறங்கியது. 1996-க்குப் பிறகு இப்படித் தொடர்ந்து இறங்கியது இப்போதுதான். இதில் யாரும் கத்துவதில்லை, களைத்துப்போய்ச் சத்தமில்லாமல் வெளியேறுகிறார்கள். ஜனவரியில் புதிதாகத் தொடங்கிய எஸ்.ஐ.பி. கணக்குகள் சுமார் 56 லட்சம், நின்றவை சுமார் 61 லட்சம். தவணை முடிந்து தானாக நின்றவையும் அதில் சேர்த்தி. மாதம் தள்ளி நிறுத்தினாலும் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான்.

இனி தம்பியின் பர்மா. கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன், அவர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். செட்டியார் வட்டிக்கடைக்கு ஏஜெண்டாகப் பர்மா போனவர் மூன்று வருஷம் இருந்து கணக்கு முடித்துத் திரும்புவார், ஊர்க் கடிதம் கப்பலில் வரும். அந்தத் தாமதம் நல்ல காலத்தில் உதவியது, சரி. 1930-இல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய விவசாயியால் திருப்ப முடியவில்லை, ஈடாக வைத்த நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-இல் 25 சதவீதம். யாரும் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. அன்றைய விலைக்கு விற்றால் கொடுத்த முதல்கூடத் தேறாது, விலை ஏறட்டும் என்று வைத்திருந்தார்கள். 1942-இல் ஜப்பான்காரன் வந்தான். அராக்கான் வழியாகவும் அஸ்ஸாம் வழியாகவும் நடந்து வந்தவர்களின் கதை இங்கே ஏதாவதொரு வீட்டில் இன்னும் சொல்லப்படுகிறது. 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. பொறுத்திருந்ததில் வந்தது அது. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் பல, அந்தச் சரிவுக்கு முன்பே ஊருக்கு வந்து சேர்ந்த பணத்தில் கட்டியவை.

ஆகவே "விற்காதே" என்பதும் வேதவாக்கு இல்லை. நிஃப்டியில் இருக்கிற 50 கம்பெனிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, தேறாததைத் தூக்கிவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார்கள். சென்செக்ஸிலும் அப்படித்தான். அதுவும் சேர்ந்துதான் 2008-இல் விழுந்த சென்செக்ஸ் 2010 நவம்பரில் மறுபடி 21,000-ஐத் தொட்டது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது, அந்த நவம்பரிலேயே புது உச்சம். என் கட்டுமானக் கம்பெனிக்கு அப்படி ஒரு நவம்பர் வரவில்லை. உங்களிடம் இருப்பது ஃபண்ட், பல கம்பெனிகள் சேர்ந்த கூடை. ஆனால் ஸ்மால் கேப் கூடை அதிகமாக ஏறும், அதிகமாக விழும், திரும்பி வர எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது.

நான் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் இல்லை, அடிபட்டவன் மட்டும்தான். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் அந்த 2,31,000-ஐ இந்த வாரமே எடுத்து வங்கியில் போடுவேன். காலேஜ் ஃபீஸுக்குத் தேதி இருக்கிறது, சந்தைக்கு இல்லை. ஜூனுக்குள் ஏறலாம், இன்னும் 40,000 குறையவும் செய்யலாம். ஒரு வருஷத்துக்குள் எடுப்பதால் பல ஃபண்டுகளில் 1 சதவீதம் பிடிப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டச் சொல்லுங்கள். கணக்கைக் காலத்தோடு தாக்கல் செய்தால், எட்டு வருஷம் வரை அடுத்து வரும் மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஃபீஸில் குறைகிற 69,000-க்கு இப்போதே வழி தேடுங்கள். வீட்டுக்காரரிடம் அதை மறைக்க வேண்டாம்.

எஸ்.ஐ.பி. வேறு பணம். பத்து வருஷத்துக்குத் தேவைப்படாது என்றால் மறுபடி ஆரம்பிக்கலாம், ஆனால் 10,000-மாக இல்லாமல், ஆர்டர் இல்லாத ஆடி மாதத்திலும் உறுத்தாத தொகையாக. முழுவதையும் ஸ்மால் கேப்பில் வைக்காமல், பாதியையாவது சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டுக்கு, அதாவது நிஃப்டி மாதிரி ஒரு குறியீட்டில் உள்ள கம்பெனிகளையே அப்படியே வாங்கும் ஃபண்டுக்கு, திருப்புங்கள். தம்பி சொல்கிறாரே என்று கடன் வாங்கியோ நகையை வைத்தோ இன்னும் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் அந்த ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்தால் பணம் போய்விடாது, கணக்கு மெயிலில் வரும். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, எடுக்க நாலு பேரைக் கேட்க வேண்டிய இடமாகப் பார்த்து வையுங்கள். உங்கள் வீட்டிலும் இரும்புப் பெட்டி இருக்கும்.

சித்திரை முதல் வாரம் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். மனகோலம் நாலு கிலோ, சீப்புச்சீடை இரண்டு கிலோ வேண்டும். என்ன விலை என்று எழுதுங்கள்.