மருந்துச் சீட்டில் நடைப்பயிற்சியும் இடம்பெறட்டும்: மருத்துவர் பதில்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவைக் கவனித்துவரும் மருத்துவர், உடற்பயிற்சி குறித்து வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

ஐயா, மாத்திரை வாங்க வருவோரிடம் "நடங்கள்" என்று மாதந்தோறும் சொல்கிறோம். கேட்பவர்தான் இல்லை. என்ன செய்யலாம்? (கிராம சுகாதாரச் செவிலியர்)

பொதுவாகச் சொன்ன அறிவுரை, வந்தவர் வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடும். மருந்தின் பெயருக்குக் கீழேயே "மாலை ஐந்தரை மணிக்குப் பள்ளிக்கூடம் வரை போய்த் திரும்ப, வாரம் ஐந்து நாள்" என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதம் அவர் வரும்போது, இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றி விசாரியுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. அது மெல்ல எட்ட வேண்டிய அளவு என்பதால், முதல் வாரத்தில் பத்து நிமிடம் நடந்தாலும் மனமாரப் பாராட்டுங்கள்.

நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேன். தனியாக நடக்கவும் வேண்டுமா?

தண்ணீர் சுமப்பதும் மண் வெட்டுவதும் கணக்கில் சேரும். நின்றபடி சமைப்பதில் மூச்சு வாங்குவதில்லை, அதனால் அது சேராது. பேச முடிந்து, பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய், பாதம் மரத்திருக்கிறது. நடக்கலாமா?

முதலில் இரு பாதங்களையும் விரலிடுக்கு வரை பாருங்கள். புண் இருந்தால் அது ஆறும்வரை நாற்காலியில் அமர்ந்தபடியே பயிற்சி செய்யட்டும், இல்லையென்றால் எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு அணிந்து நடக்கலாம், வெறுங்காலோடு மட்டும் கூடவே கூடாது. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் கிளம்பாமல், சட்டைப் பையில் சிறிது சர்க்கரை வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும். வெளியே வர இயலாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. செவிலியரிடம் பதிவு செய்யுங்கள்.

நடைபாதை அமைத்தால் போதாதா?

2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கிலோமீட்டர் நடைபாதையை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்றால், தொலைவில் உள்ள சிற்றூருக்கு அது எட்டாது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் 2002 முதல் பொதுவெளிகளில் பயிற்றுநர்களே இலவசமாகப் பயிற்சி தந்தார்கள். 2011இல் அந்நாட்டு அரசு அதையொத்த திட்டத்தை நாடெங்கும் கொண்டுசென்றது. நம் துணை சுகாதார நிலையங்களுக்கும் அத்தகைய பயிற்றுநர் ஒருவர் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

தெருவில் தனியாக நடக்கக் கூச்சமாக இருக்கிறது, டாக்டர்.

மகளிர் குழுவில் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. தலைமையாசிரியர் அனுமதித்தால், பள்ளி விட்ட பிறகு மைதானத்தில் நடக்கலாம்; அவரிடம் பேசித் தரும்படி உங்கள் செவிலியரைக் கேளுங்கள்.