ராணுவத்தில் மேஜராக இருக்கும் மகளுக்கு 30 லட்ச ரூபாய் எம்பிஏ எதற்கு?

அம்மா, மகள் ராணுவத்தின் ஷார்ட் சர்வீஸில், அதாவது குறுகிய கால அதிகாரிப் பணியில், 10 வருடத்தை முடித்துவிட்டு வெளியே வரப்போகிறார், பென்ஷனும் கிடையாது, இனி என்ன ஆகுமோ என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் நியாயம்தான். கையில் வரப்போவது கிராஜுவிட்டி, டிஎஸ்ஓபி என்ற ராணுவ அதிகாரிகளின் வருங்கால வைப்பு நிதி, குரூப் இன்ஷூரன்ஸ் தொகை, அவ்வளவுதான். அதையெல்லாம் மொத்தமாக ஐஎஸ்பி என்ற மேலாண்மைக் கல்லூரியிலோ ஐஐஎம் அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ் என்ற ஒரு வருட எம்பிஏ படிப்பிலோ கட்டச் சொல்கிறாரே உங்கள் தம்பி, அதற்குத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த ஒரு வருடப் படிப்புகளுக்கு 30 லட்சத்துக்கு மேல் ஆகும். கடன் வாங்கினால் 10 சதவீத வட்டியில், 10 வருடத்துக்கு, மாதத் தவணை ஏறத்தாழ 40 ஆயிரம். படிக்கும் வருடம் சம்பளமும் இல்லை. கன்சல்டிங்கோ ஃபைனான்ஸோதான் வேண்டும் என்று மகளே துடித்தால் இந்தச் செலவில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் நான் பேசியபோது கன்சல்டிங் என்றதும் "பார்க்கலாம் சார்" என்றவர், ஸோஜிலா கணவாய் மூடுவதற்குள் லடாக்குக்கு ஒரு குளிர்காலத்துக்கான ரேஷனும் எரிபொருளும் ஏற்றி அனுப்பிய கதையை நிறுத்தவே இல்லை. அவருடைய மனசு சப்ளை செயினில் இருக்கிறது. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

நிரந்தர கமிஷன் வாங்கி ஓய்வு வயதுவரை ராணுவத்திலேயே தொடர்வது, பணி நீட்டிப்பு, அரசுத் தேர்வு எல்லாம் அவர் யோசித்து முடித்த விஷயங்கள், அதற்குள் போகவில்லை. உங்கள் வீட்டில் யாருமே பேசாத ஒன்று இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் டிஜிஆர் என்ற மறுவாழ்வு இயக்குநரகம் இருக்கிறது. வெளியே வரப்போகும் அதிகாரிகளுக்காகவே அது ஐஐஎம்கள் போன்ற இடங்களில் 24 வார வணிக மேலாண்மைப் படிப்பு நடத்துகிறது. அதிகாரிகளுக்கு கட்டணத்தில் 60 சதவீதத்தை டிஜிஆரே கொடுத்துவிடும், 40 சதவீதம்தான் நம் பொறுப்பு. சர்வீஸின் கடைசிக் காலத்திலேயே போகலாம் என்பதால் சம்பளமும் நிற்காது. கணக்கியல், மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ் எல்லாம் சுருக்கமாக வரும். உடன் படிப்பவர்கள் எல்லோரும் முப்படை அதிகாரிகள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கிடைப்பது சான்றிதழ்தான், எம்பிஏ பட்டம் இல்லை. பட்டம் கட்டாயம் என்று கேட்கும் வேலைக்கு இது உதவாது. வகுப்பில் சிவிலியன்கள் இல்லாததால் வெளித் தொடர்புகளை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும். வேலைக்கு உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் கிடங்கு, போக்குவரத்து, கொள்முதல் பக்கம் ஆள் எடுப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அவருடைய 10 வருட அனுபவம்தான். கணக்கு வழக்கும் கம்பெனி பாஷையும் தெரியுமா என்ற சந்தேகத்தைத் தீர்க்க இந்தப் படிப்பு போதும்.

ரெஸ்யூமேயில் "கம்பெனி கமாண்டர்" என்று மட்டும் எழுதினால் எச்ஆரில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினார், எத்தனை வண்டிகள், கெட்டுப்போகும் பொருளை எப்படிக் குறைத்தார் என்று எழுதச் சொல்லுங்கள். யூனிட் இருந்த இடம், கையிருப்பு விவரம் மட்டும் எழுதக் கூடாது, அதெல்லாம் ராணுவ ரகசியம் என்று அவருக்கே தெரியும்.

இன்னொன்று, இனி அவருக்கு நிறைய அழைப்புகள் வரும். "ராணுவத்தினருக்குச் சிறப்புச் சலுகை" என்று வார இறுதி எக்ஸிக்யூட்டிவ் படிப்புகளை விற்கிறார்கள். பட்டமா சான்றிதழா, இந்த பேட்ச்சுக்கு பிளேஸ்மென்ட் அலுவலகம் வேலை செய்யுமா, நடுவில் விலகினால் பணம் திரும்புமா என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

டிஜிஆர் ஆண்டுதோறும் படிப்புகளின் பட்டியலை வெளியிடும். விண்ணப்பம் யூனிட் வழியாகத்தான் போக வேண்டும், கமாண்டிங் ஆபீசரும் விடுவிக்கச் சம்மதிக்க வேண்டும், எனவே இந்த மாதமே பேச்சை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். டிஎஸ்ஓபி பணத்தை அதுவரை யாரும் தொட வேண்டாம், தம்பி மறுபடி வந்து பேசினாலும்.