கன்ட்ரி பாடலை மறுபடி பாட யாரிடம் அனுமதி, யாருக்குப் பணம்?

கேள்வி: டென்னசியில் வசிக்கிறோம். சிறு அரங்குகளில் கன்ட்ரி பாடல்கள் பாடிவரும் என் மகள், தனக்குப் பிடித்த மூத்த பாடலாசிரியர் ஒருவரின் ஐந்து பாடல்களைப் பதிவு செய்து, 500 சிடிக்களாகவும் ஸ்ட்ரீமிங் தளங்களிலும் வெளியிட விரும்புகிறாள். எல்லாமே முன்பு வெளிவந்த பாடல்கள். பாடலாசிரியர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாவிட்டால் வழக்கு வரும் என்றும், அதை வாங்கித் தர 1,800 டாலர் ஆகும் என்றும் ஒரு முகவர் சொல்கிறார். ஒரு பாடலில் ஒரு சரணத்தை மட்டும் தமிழில் பாடும் எண்ணமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்த 1,800 டாலரைக் கொடுக்காதீர்கள். உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரு பாடல் ஒலிப்பதிவாகி அமெரிக்காவில் ஒருமுறை வெளிவந்துவிட்டால், அதன் பிறகு எவரும் அதைத் தம் குரலில் பாடிப் பதிவு செய்து விற்கலாம் என்று அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது. உரிய அறிவிப்பைக் கொடுத்து, சட்டம் நிர்ணயித்த தொகையையும் கட்டினால் பாடலாசிரியர் மறுக்க இயலாது. இதற்குக் கட்டாய உரிமம் என்று பெயர். டிரேசி சாப்மன் 1988இல் வெளியிட்ட 'ஃபாஸ்ட் கார்' பாடலை 2023இல் லூக் கோம்ஸ் பாடி, கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுசென்றார். ஆனால் அவ்வாண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடலுக்கான விருது, எழுதியவர் என்ற முறையில் சாப்மனுக்கே போயிற்று. பாடுவதற்குத் தடையில்லை, பாடல் எழுதியவருடையது என்ற இரண்டு செய்தியும் இதில் அடங்கியிருக்கின்றன.

தொகை எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத பாடலுக்கு, ஒரு பிரதிக்கு 2025ஆம் ஆண்டு விகிதம் 12.7 சென்ட். ஐந்து பாடல்கள், 500 சிடிக்கள் என்றால் 317 டாலர் 50 சென்ட். விலைவாசியை ஒட்டி இது ஆண்டுதோறும் மாறுவதால், நீங்கள் வெளியிடும் ஆண்டின் விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1909 முதல் 1977 வரை இதே விகிதம் இரண்டே சென்ட்டாக நின்றது என்பதையும், அத்தனை காலமும் பாடல் எழுதியவர்கள் அதை வைத்துத்தான் பிழைக்க வேண்டியிருந்தது என்பதையும் நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பாடுபவரையும் இந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை. கட்டாய உரிமத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால், மாதம் பத்து சிடி விற்கிறவர்கூட ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்குள் கணக்கு அனுப்ப வேண்டும். ஆண்டுக் கணக்கில் தணிக்கையாளரின் சான்றும் வேண்டும். தானே வாசிக்கும் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்களைத் தயாரித்த அந்தக் காலக் கம்பெனிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நடைமுறையை வீட்டுக்குள் பதிவு செய்யும் பெண்ணின் தலையில் ஏற்றுகிறார்கள். அதனால், பாடலின் உரிமையை வைத்திருக்கும் பதிப்பகத்திடமோ அதன் உரிம முகமையிடமோ 'மெக்கானிக்கல் லைசென்ஸ்', அதாவது பாடலைப் பதிவு செய்து பிரதி எடுத்து விற்கும் உரிமம், கேட்டு, பிரதிகளின் எண்ணிக்கைக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடுங்கள். முகமை வழியாகப் போனால் சிறிய சேவைக் கட்டணம் கூடலாம். ஸ்ட்ரீமிங்குக்கு, அமெரிக்காவைப் பொறுத்தவரை, உங்கள் மகள் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. 2018இல் வந்த சட்டப்படி, 2021 முதல் நாஷ்வில்லில் உள்ள எம்.எல்.சி. என்ற அமைப்பு ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிடமிருந்து வசூலித்து உரியவர்களுக்குக் கொடுக்கிறது.

இப்போது அந்த முகவருக்கு வருகிறேன். கன்ட்ரி பாடல் பலவற்றின் உரிமை எழுதியவர் கையில் மட்டும் இல்லை. இரண்டு மூன்று பதிப்பகங்களுக்குள் பிரிந்து கிடக்கிறது. ஆகவே அவர் வாங்கித் தரும் கையெழுத்து உண்மையானதாகவே இருந்தாலும் செல்லாத காகிதமாக இருக்கக்கூடும். உரிமை யாரிடம் என்பதை எம்.எல்.சி.யின் பொதுத் தேடுதளத்தில் காசு செலவில்லாமல் நீங்களே பார்க்கலாம். முகவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பதிப்பகத்திடம் பேசுகிறீர்கள்? எழுத்தில் பெயர் தராதவரோடு மேற்கொண்டு பேச வேண்டாம். பெரிய இடத்து இடைத்தரகர்களும் மாறுபட்டவர்கள் அல்லர். டாலி பார்ட்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடலை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பியபோது, அவருடைய மேலாளர் கர்னல் பார்க்கர் பதிப்புரிமை வருமானத்தில் பாதி கேட்டார். பார்ட்டன் மறுத்தார், 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடியபோது அந்தப் பங்கு முழுதாகப் பார்ட்டனிடமே இருந்தது.

இன்னொரு பொறி, இணையத்தில் கிடைக்கும் கரோக்கி இசை. பாடல் மனை என்றால் ஒலிப்பதிவு அதன்மேல் எழுப்பிய கட்டடம்; உரிமையாளர் வேறு. மேற்சொன்ன உரிமம் எதுவும் பிறர் வாசித்த இசையைத் தொட உங்களுக்கு இடம் தராது. சொந்தமாக வாசிக்கச் செய்யுங்கள். தளத்தில் பதிவேற்றும்போது 'பாடலாசிரியர்' என்ற கட்டத்தில் மூல ஆசிரியரின் பெயரை மட்டும் இடுங்கள். அங்கே மகளின் பெயரோ முகவரின் பெயரோ ஏறிவிட்டால், உரியவருக்குப் போகவேண்டிய பணம் வழிதவறிவிடும். வீடியோவுக்குத் தனி அனுமதி வேண்டும்.

தமிழ்ச் சரணம்தான் உண்மையான சிக்கல். சுருதியை மாற்றலாம், தாள வேகத்தைக் குறைக்கலாம், பான்ஜோ இருந்த இடத்தில் வீணையை வைக்கலாம். பாடுபவரின் பாணிக்கு ஏற்ப இவ்வளவையும் 115ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் மூல மெட்டையும் பாடலின் அடிப்படை இயல்பையும் மாற்றக்கூடாது. மொழிபெயர்ப்பு, மூலத்திலிருந்து உருவான வழிப்படைப்பாகக் கருதப்படும். அதற்கு உரிமையாளரின் சம்மதம் கட்டாயம், அவர் மறுக்கவும் செய்யலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கவும் செய்யலாம். ஒரு சரணம்தானே என்பது இங்கே செல்லாது. முப்பது விநாடிக்குள் இருந்தால் தவறில்லை என்று பலர் நம்பும் விதி சட்டத்தில் எங்கும் கிடையாது. கோம்ஸ், பெண் தன்னைப் பற்றிச் சொல்லும் சொற்களைக்கூட மாற்றாமல் அப்படியே பாடினார். 2024இல் பியான்சே, டாலி பார்ட்டன் எழுதிய 'ஜோலீன்' பாடலின் வரிகளை வெகுவாக மாற்றிப் பாடிய அதே தொகுப்பில் பார்ட்டனே குரல் கொடுத்திருக்கிறார். அந்த அளவு இணக்கம் இருக்கும் இடத்தில்தான் வரிகளில் கைவைக்க முடியும்.

ஆகவே தமிழ் வரிகளையும், அவற்றின் ஒலிபெயர்ப்பையும், சொல்லுக்குச் சொல் ஆங்கிலப் பொருளையும், பிரதிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பதிப்பகங்கள் எல்லாவற்றுக்கும் அனுப்புங்கள். தமிழ் வரிகளின் உரிமையும் தமக்கே என்று அவர்கள் நிபந்தனை போடக்கூடும். மகளுக்கு அது சம்மதமா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பாடலை முழுக்க ஆங்கிலத்தில் ஒருமுறையும், தமிழ்ச் சரணத்தோடு ஒருமுறையும் ஒரே நாளில் பதிவு செய்து, சிடியில் ஆங்கிலப் பதிவை மட்டும் சேர்த்து வெளியிடுங்கள்.