அண்ணத்தில் ஒரு கறுப்பு முக்கோணம்

உங்கள் மகளின் எலும்பு உடையவில்லை. பள்ளத்தூரிலிருந்து நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கேள்விகள் பல, அடியில் ஓடும் பயம் இது ஒன்றுதான். 11 வயது மகளுக்கு மேல்தாடை குறுகல் என்று அண்ணத்தில் திருகு வைத்த கிளிப் பொருத்தினார்கள். பத்து நாள் சாவி போட்டுத் திருப்பிய பிறகு எடுத்த எக்ஸ்ரேயில், முன்பற்களின் நடுவிலிருந்து உள்நோக்கி ஒரு கறுப்பு முக்கோணம். ரிப்போர்ட்டில் இருந்த ஆங்கிலச் சொற்களை இணையத்தில் தேடினீர்கள். அது 'எலும்பு முறிவு' என்று சொல்ல, அன்றிரவே சாவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள்.

மேல்தாடை ஒற்றை எலும்பு அன்று. உங்கள் வீட்டு நிலைவாசலின் இரட்டைக் கதவைப் போல இடம், வலம் என்று இரண்டு. இரண்டும் சந்திக்கிற நடுக்கோட்டில், இந்த வயதில் இன்னும் தாழ் விழுந்திருக்காது. திருகு அந்தக் கதவைத்தான் திறக்கிறது. முன்பக்கம் அதிகமாகவும் பின்பக்கம் குறைவாகவும் திறக்கும். படத்தில் எலும்பு வெள்ளையாகவும் எலும்பில்லாத இடம் கறுப்பாகவும் விழும். அதனால்தான் முக்கோணம். உங்களைத் தூங்கவிடாத அந்தப் படத்தைப் பார்த்து அவளுடைய மருத்துவர் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார். போகப் போக அங்கே புது எலும்பு நிரம்பும். திருப்புவது முடிந்த பிறகும் கிளிப்பை மூன்று முதல் ஆறு மாதம் கழற்றாமல் விட்டுவைப்பது அதற்காகத்தான்.

முன்பற்களுக்கு நடுவே விழுந்த சந்தைப் பார்த்து அப்பத்தா புலம்புகிறார்கள் என்கிறீர்கள். பெரும்பாலான கிளிப்களில் ஒரு தடவை திருப்பினால் கால் மில்லிமீட்டர். நாளைக்கு இரண்டு தடவை, பத்து நாளில் 20 தடவை, ஆக 5 மில்லிமீட்டர். பல்லிடையே அதில் ஏறக்குறைய பாதி தெரியும். திருப்புவதை முடித்ததும் ஈறுக்குள் இருக்கும் நார்களே இரண்டு பற்களையும் இழுத்துச் சேர்க்கத் தொடங்கிவிடும். காணொளியில் பார்த்ததுபோல ரப்பர் பேண்டு மாட்டி மூடலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, அதைக் கையால் தொடாதீர்கள். பல் மேலே போகப் போகக் கூம்பும். ரப்பர் வழுக்கி ஈறுக்குள் ஏறி, வேரைச் சுற்றியுள்ள எலும்பை அரித்துவிடும். அப்படிப் போன முன்பல்லைக் காப்பாற்றுவது பெரும் பாடு.

மற்றவை சில்லறை. பேச்சுக் குழறல், வாயில் நீர் ஊறுதல், சாவி திருப்பியதும் மூக்குத் தண்டில் சற்று நேரம் அழுத்தம் – எல்லாம் பழகிவிடும். சீப்புச் சீடையும் முறுக்கும் கொஞ்ச நாள் டப்பாவிலேயே இருக்கட்டும். வெள்ளைப் பணியாரத்துக்குத் தடையில்லை. கால்சியம் மாத்திரை கொடுத்தால் எலும்பு சீக்கிரம் கூடிவிடாது. அவளுடைய அப்பாவின் மூட்டுவலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்தீர்களாம். பெரியவர் மாத்திரையில் பாதி என்பது பிள்ளைக்கான அளவு ஆகிவிடாது. இன்னொரு தடவை செய்யாதீர்கள்.

மதுரைக்குப் போய் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவிடலாமா? அவளுக்கு வேண்டாம். சிபிசிடி என்கிற அந்த ஸ்கேனின் கதிர்வீச்சு பெரும்பாலும் 1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. ஆனாலும் வளரும் பிள்ளையின் உடலைக் கதிர்வீச்சு பெரியவர்களைவிட அதிகமாகப் பாதிக்கும். கதவு திறந்தது கண்ணுக்கே தெரிகிறபோது படம் எதற்கு? 1860இல் சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் 14 வயதுச் சிறுமிக்குத் திருகு வைத்துத் தாடையை விரித்தார். எக்ஸ்ரே வர இன்னும் 35 ஆண்டுகள் இருந்தன. முன்பற்களிடையே விழுந்த சந்துதான் அவர் கையில் இருந்த சாட்சி. சக மருத்துவர்கள் நம்பவில்லை என்பது வேறு கதை.

இதெல்லாம் எழுதி முடித்துக் கடிதத்தை மடிக்கப் போனபோதுதான் நான்காம் பக்கத்தின் அடியில் இருந்த வரிகளைப் பார்த்தேன். "பெரியவனுக்கு 19 வயது. வேறு இடத்தில் அவனுக்கும் இதே கிளிப்தான் போட்டோம். இரண்டு வாரமாகத் திருப்புகிறோம், அவனுக்கு இந்தச் சந்தெல்லாம் விழவில்லை, அழகாகவே இருக்கிறது. கண்ணுக்குக் கீழே மட்டும் வலி கூடிக்கொண்டே போகிறது என்கிறான்."

நீங்கள் கவலைப்பட வேண்டிய பிள்ளை இவன்தான். சாவி திரும்புகிறது, சந்து விழவில்லை, வலி ஏறுகிறது என்றால், தாழ் விழுந்த கதவை இடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று சந்தேகிக்க வேண்டும். எலும்பு நகராதபோது விசை முழுவதும் கடைவாய்ப் பற்களின் மேல் போகும். அவை கன்னப் பக்கம் சாயும். அந்தப் பற்களுக்கு வெளிப்புறம் இருப்பது மெல்லிய தகடு போன்ற எலும்பு. அது தேய்ந்தால் ஈறு பின்வாங்கி வேர் வெளியே தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் தாடை விரிந்ததுபோலவே இருக்கும், அதுதான் ஏமாற்று.

இங்கேதான் சிபிசிடிக்கு வேலை. நடுக்கோடு மூடிவிட்டதா என்பதை அது காட்டும். மூடுவது பின்பக்கம் தொடங்கி முன்னே வரும். 2013இல் ஆய்வாளர்கள் இதை ஐந்து நிலைகளாகப் பிரித்து வெளியிட்டார்கள். வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது; ஒரே வயதுள்ள இருவரில் ஒருவருக்கு மூடியிருக்கும், மற்றவருக்குத் திறந்திருக்கும். அதே படத்தின் குறுக்கு வெட்டில், பல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, வெளி எலும்பு எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியும். சாவியைத் தொடும் முன்பே யோசித்திருக்க வேண்டிய படம் அது.

இன்றே அவனுக்குத் திருப்புவதை நிறுத்துங்கள். நீங்களாகப் பின்னோக்கியும் திருப்ப வேண்டாம். நாளைக் காலையே, கிளிப் போட்டவரிடமோ வேறொரு பல் சீரமைப்பு மருத்துவரிடமோ காட்டுங்கள். புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை. "எலும்பு நகர்ந்ததா, பல் சாய்ந்ததா?" என்று நேராகக் கேளுங்கள். நடுக்கோடு மூடியிருந்தால், அண்ணத்து எலும்பிலேயே சிறு திருகாணிகள் பதித்து விரிப்பது, சிறு அறுவை செய்து விரிப்பது என்று வழிகள் இருக்கின்றன.

மகளின் சாவியை அவளுடைய மருத்துவரைக் கேட்டுவிட்டு மறுபடி எடுங்கள். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து ஒரே இரவில் திருப்பிவிடாதீர்கள்.