பின்னத்துல எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது? கேள்வி பதில்

பின்னம் சுருக்குறதுல டவுட் இருந்தா கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன். ஹோம்வொர்க்கை மொத்தமா என் தலையில கட்டாதீங்க.

கேள்வி: அக்கா, 91/119ல 2, 3, 5 எதுவும் போகல. இதுதானே எளிய வடிவம்?

பதில்: இல்லப்பா. 2, 3, 5 போகலன்னதும் எல்லாரும் பேனாவ மூடிடுறீங்க. பெருசுல இருந்து சின்னதக் கழி, 119 − 91 = 28. ரெண்டையும் மீதியில்லாம வகுக்குற எண் எதுவானாலும் வித்தியாசத்தையும் வகுத்தே ஆகணும், ஸோ 28ஓட காரணிங்களப் பாத்தா போதும். 91 ஒற்றைப்படை, 2 அவுட், மிச்சம் 7. 7 × 13, 7 × 17, விடை 13/17. எண் பெருசுன்னா வகுத்து மீதி எடு, அந்த மீதியால முந்தின வகுத்திய வகு, மீதி 0 வர்ற வரைக்கும் விடாத, கடைசியா எதால வகுத்தியோ அதான் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி, ரெண்டையும் மீதியில்லாம வகுக்குற பெரிய எண்). கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் கி.மு. 300 வாக்குல எழுதி வச்ச வழி இது. 1147/1517ல மீதி 370, அப்புறம் 37, அப்புறம் 0. 37ஆல அடிச்சா 31/41.

கேள்வி: 6/8ஐ 3/4ன்னு எழுதினா மதிப்பு குறையாதா?

பதில்: குறையாது. மேலயும் கீழயும் ஒரே எண்ணாலதான வகுக்குறோம்.

கேள்வி: 16/64ல மேல 6, கீழ 6, ரெண்டையும் அடிச்சேன், 1/4 வந்துச்சு. விடை சரி, மார்க் சைபர். நியாயமா?

பதில்: நியாயம்தான். காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை. அந்த 6 காரணி இல்ல, வெறும் இலக்கம். 26/36ல அதே மாதிரி அடிச்சுப் பாரு, 2/3 வரும், உண்மையில அது 13/18.

கேள்வி: (x+3)/(x+5)ல xஐ அடிச்சா 3/5 தானே?

பதில்: நடுவுல கூட்டல் குறி இருந்தா கை வைக்காத! x = 1 போடு, 4/6, அதாவது 2/3.

கேள்வி: (5+2)/(5+4)ல 5ஐ அடிக்கலாமா?

பதில்: மேல இருக்கற பதில். கூட்டல் குறி.

கேள்வி: 35/51, ரெண்டும் ஒற்றைப்படை, அதனால சுருங்காதுல்ல?

பதில்: சுருங்காது, ஆனா அது மட்டும் காரணம் இல்ல. வித்தியாசம் 16, அதுல 2ஐத் தவிர வேற பகா எண்ணே கிடையாது, ரெண்டும் ஒற்றைப்படைங்கறதால அந்த 2ம் போகாது, அதனாலதான்.

கேள்வி: 57/95ம் ஒற்றைப்படைதான்...

பதில்: கழிச்சீங்களா? 38. 19ஆல போகும், 3/5. தயவுசெஞ்சு முன்னாடி பதில்களப் படிச்சிட்டு வாங்க.

கேள்வி: 16/64 நான்தான். 19/95, 26/65, 49/98ம் அடிச்சா சரியா வருது. 166/664 கூட வருது! இதுவும் பனம்பழமா?

பதில்: அட, இது நல்ல கேள்வி. 166ஐ 4ஆல பெருக்கு. 4 × 6 = 24, 4 போட்டு 2 மீதி. அடுத்தது 24 + 2 = 26, 6 போட்டு மறுபடி 2 மீதி. நடுவுல எத்தன 6 சொருகினாலும் இதே 26 தான் திரும்பத் திரும்ப வரும், கடைசியில 4 × 1 + 2 = 6. அதனால 1666/6664ம் 1/4 தான். இத பேப்பர்ல எழுதிக் காட்டியிருந்தா நானே மார்க் போட்டிருப்பேன். நீ எழுதினது ரெண்டு கோடு மட்டும், சைபர் சைபர்தான்.